மூணு தடவை போன ஒரே ரோடு!

வருஷக் கடைசியில் புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் ஆபீஸ் ஆசாமி ஒருவர் முதலில் எதைப் பார்ப்பார்? ராசி பலனையா? ராகு காலத்தையா? ம்ஹூம்! சிவப்பு எழுத்துத் தேதிகளில் எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து 'வீணாய்'ப் போயிருக்கின்றன என்றுதான் பார்ப்பார். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவர் விடும் பெருமூச்சில் பக்கத்து டேபிள் ஃபைல் பறக்கும். அதுவே, குடியரசு தினம் செவ்வாய்க்கிழமை வந்தால்..? நடுவே திங்களன்று ஒரே ஒரு சி.எல்.! மனசுக்குள் அப்போதே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்.

1993-ல் அப்படித்தான் வந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே ரூமில் நாலு பேர் நாங்கள். நான், ஒரு கேஷியர், ஒரு டைப்பிஸ்ட், பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த தஞ்சாவூர் ஜில்லாக்காரன். சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு, திங்கள் சி.எல்., செவ்வாய் ஜனவரி 26. ஆக மூன்றரை நாள்! ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. கேஷியர் ரூம் வாடகையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினான்.

"கடலுக்கு டிக்கெட் உண்டாடா?" என்றான்.

இல்லை. முடிவாகிவிட்டது.

சென்னையில் (அப்போது மெட்ராஸ்) தொடங்கி, கடலை இடது கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு தெற்கே போய், தனுஷ்கோடியில் மண் முடிகிற இடம் வரை ஒரு பயணம். கோடியக்கரையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் 600 கிலோ மீட்டருக்கு மேல். இந்த வழியில் மூன்று தடவை போயிருக்கிறேன். 1993, 2003, 2019. மூன்று தடவையும் அதே நாலு பேர். கரை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது.

முதல் தடவை வாகனங்கள் இரண்டு. ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.100, ஒரு பஜாஜ் சேத்தக். சேத்தக்கை உதைப்பதற்கு முன் ஒரு பக்கமாகச் சாய்த்து, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இன்றைக்கு ஈ.சி.ஆர். என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். அன்று அந்தப் பேச்சே கிடையாது. மாமல்லபுரம் வரை ரோடு உண்டு. அதற்குத் தெற்கே கடலை ஒட்டியே பாண்டி வரைக்கும் சீராகப் போகிற பாதை 1998-ல்தான் வந்தது. நாங்கள் மாமல்லபுரத்தில் செங்கல்பட்டுப் பக்கம் திரும்பி, திண்டிவனம் போய், பாண்டி சேர்ந்தோம். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் ஒன்று... திருவான்மியூரைத் தாண்டிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வண்டியை ஓரங்கட்டலாம். சவுக்குத் தோப்புக்குள் புகுந்து நடந்தால் எதிரே கடல். "யாருப்பா நீ, எங்கே போறே?" என்று கேட்க ஆள் கிடையாது.

பத்து வருஷம் கழித்துப் போனபோது ரோடு வழவழவென்று இருந்தது. சுங்கமும் வாங்கினார்கள். ஆனால் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே சுவர்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன. 2019-ல் கேட்கவே வேண்டாம்! சுவர், கேட், கேட்டில் கூர்க்கா, அதற்குப் பின்னால் நீச்சல் குளம். (கடலுக்கு நூறடியில் எதற்கு நீச்சல் குளம் என்று டைப்பிஸ்ட் கேட்டான். நியாயமான கேள்வி.) கடலோரத்தில் இஷ்டத்துக்குக் கட்டிடம் எழுப்பக்கூடாது என்று மத்திய அரசு 1991-லேயே அறிவிக்கை போட்டது. அலை ஏறுகிற கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை உண்டு. அதில் எத்தனை திருத்தங்கள் வந்தன என்பது வக்கீல்கள் சமாசாரம். சாதாரண ஆசாமிக்குத் தெரிவது ஒன்றுதான். காரில் இரண்டு மணி நேரம் 'கடற்கரைச் சாலை'யில் போகிறோம், கண்ணில் கடல் படுவது பத்துப் பதினைந்து நிமிஷம்!

பாண்டியைப் பற்றி எழுதப் போவதில்லை. அதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அப்படியில்லை. 1975-ல் வந்த 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். படகில் போகிற இடம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். துடுப்புப் படகில் ஏறினோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் தண்ணீருக்குள் விழுது இறக்கி நிற்கின்றன. வாய்க்கால் குறுகிக் குறுகி, கடைசியில் தலையைக் குனிந்து போகிற மாதிரி ஆகிவிடுகிறது. டைப்பிஸ்ட் ஒரு கிளையை ஒடிக்கப் போனான். படகுக்காரர் துடுப்பால் தட்டினார்.

"தம்பி, அது தில்லை மரம். பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும். கைய எடுங்க!"

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தினால்தான். அவ்வளவு பெரிய கோயிலுக்கு இப்படி ஒரு முரட்டு மரமா ஸ்தல விருட்சம் என்று அப்போது தோன்றியது. 2004 டிசம்பருக்குப் பிறகு அப்படித் தோன்றுவதில்லை. அன்று சுனாமி வந்தபோது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. மரம் இல்லாமல் வெட்டவெளியாகக் கிடந்த குப்பங்கள் துடைத்துப் போயின. பின்னால் ஆய்வு செய்தவர்களும் அதையேதான் எழுதினார்கள். அலையை ஆற்றுகிற காடு. எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம், மூன்று தடவையும். கடலைப் பார்த்து நிற்கிறது டேனிஷ்காரர்களின் கோட்டை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. 225 வருஷம் வைத்திருந்துவிட்டு 1845-ல் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து விலை 12.5 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கு கேஷியருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "ஈ.சி.ஆர்.ல இன்னிக்கு இந்தக் காசுக்குக் கார் நிறுத்த இடம் குடுப்பானாடா?" என்று 2019-லும் கேட்டான்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதில் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். டேனிஷ்காரன் கோட்டை நிற்கிறது, பாண்டியன் கோயில் தண்ணீருக்குள். கடலுக்கு நம்மவர், அந்நியர் என்று பேதம் தெரியவில்லை.

இனி 2003.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை. வெள்ளி ஒரு சி.எல்., பிறகு சனி, ஞாயிறு. எங்களில் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. லீவு லெட்டரை ஆபீஸில் மட்டுமல்ல, வீட்டிலும் கொடுக்க வேண்டியிருந்தது! வாடகைக்கு ஒரு அம்பாஸடர். கிறிஸ்துமஸ் அன்று இரவு வேளாங்கண்ணியில் தங்கினோம். ஊரெல்லாம் சீரியல் பல்பு, எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். கோயிலிலிருந்து கடல் வரை வரிசையாகக் கடைகள். மெழுகுவத்தி, மாலை, பிளாஸ்டிக் பொம்மை, வறுத்த மீன். காலை எட்டு, ஒன்பது மணிக்கே கூட்டம். குடும்பம் குடும்பமாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மீன் கடை அம்மா எங்களைப் பார்த்து, "காலங்காத்தால வேணாம்னு சொல்லாதீங்க தம்பி, போணி பண்ணிட்டுப் போங்க" என்றார். நாலு துண்டு வாங்கினோம். மசாலா தூக்கல். கேஷியர் நோட்டில் எழுதினான்: 'மீன் - 40 ரூ.'

அது 2003 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதே காலை நேரம், அதே இடம். 'சுனாமி' என்கிற வார்த்தையையே அன்றுதான் நம்மில் பாதிப் பேர் முதல் தடவையாகக் கேட்டோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலேயே அங்கேதான் அதிகம். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தவர்களில் எத்தனையோ பேர்.

அன்று மாலை கேஷியர் போன் பண்ணினான். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மீன் கடை அம்மாடா..." என்றான். அவ்வளவுதான். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. 2019-ல் போனபோது அதே வரிசையில் கடைகள் மறுபடி வந்திருந்தன. விசாரிக்கலாம் என்றுதான் போனோம். யாரிடம், என்னவென்று விசாரிப்பது? நாலு துண்டு மீன் வாங்கித் தின்றுவிட்டு வந்தோம்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே ரோடு வேறு தினுசாகிவிடும். தென்னை, பனை குறைந்து, வானம் பெரிதாகிக்கொண்டே போகும். வேதாரண்யத்தை நெருங்கினால் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் கிளம்பி, ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு நடந்து வந்தது இங்கேதான். வழியில் அவர்களுக்கு யாராவது சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டுப் பொட்டலங்களை ரோட்டோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். 'மரத்தில் காய்த்ததற்கு' யாரைக் கைது பண்ணுவது! ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளினார் ராஜாஜி. கைதானார். அந்த வழியில் நாங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்ததை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

1993-ல் இந்தப் பக்கம் போனதற்குத் தனியாக ஒரு அனுபவம் உண்டு. இலங்கைக்குக் கூப்பிடு தூரம் என்பதால் கரை நெடுகப் போலீஸ் கண்காணிப்பு. ஒரு செக்போஸ்டில் இரண்டு வண்டிகளையும் மடக்கினார்கள். நாலு தாடிக்கார வாலிபர்கள், மெட்ராஸ் நம்பர், முதுகில் பை. கேட்கணுமா!

"எங்கேருந்து வர்றீங்க?"

"மெட்ராஸ் சார்."

"இங்க என்ன வேலை?"

"சும்மா... சுத்திப் பார்க்க சார்."

"இங்க என்னய்யா இருக்கு சுத்திப் பார்க்க?"

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கேஷியரின் கணக்கு நோட்டு சிக்கியது. 'டீ 4 - 4 ரூ., பஞ்சர் - 5 ரூ., பீடி (எனக்கில்லை) - 1 ரூ.' என்று வரிசையாகப் படித்த ஏட்டையா முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு. "இப்படி எழுதறவன் எதுக்கும் லாயக்கில்ல. போங்க!" என்று அனுப்பிவிட்டார்.

அவர் கேட்டது இருக்கட்டும், அங்கே என்னதான் இருக்கிறது? கோடியக்கரை இருக்கிறது ஐயா! 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பூங்குழலி படகு தள்ளுகிற கரை. காட்டுக்குள் குழகர் கோயில். சோழர் காலத்தது என்று சொல்லப்படுகிற ஒரு செங்கல் கலங்கரை விளக்கம், பாதி இடிந்த நிலையில், கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

வெளிமான்களைக் காப்பாற்றுவதற்காக 1967-ல் இதைச் சரணாலயமாக்கினார்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். வறண்ட புல்வெளி. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு புதர் நகருகிற மாதிரி இருக்கும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கு பிழிந்த மாதிரி கொம்பு. அதுதான் ஆண். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பத்துப் பதினைந்து பெண்கள். எங்களைப் பார்த்ததும் ஒன்று தாவியது பாருங்கள்... அதைத் தொடர்ந்து அத்தனையும்! ஓட்டமா அது? தரை சுடுகிற மாதிரி ஒவ்வொன்றும் ஆளுயரம் எம்பி எம்பிப் போயின. நாலு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

காட்டிலாகா வாட்ச்சர் ஒருவர் உப்பங்கழிப் பக்கம் கூட்டிப்போனார். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளிறின ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. "அதென்ன, துணி காயப்போட்டிருக்காங்களா?" என்றேன். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். கோடு எழுந்து பறந்தது! பூநாரைகள். எண்ண முடியவில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கிற பாசியையும் பொடி இறால்களையும் தின்பதால்தான் அந்த நிறம் என்று விளக்கினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வந்து பறவைகள் காலில் வளையம் மாட்டி, எங்கிருந்து எங்கே போகின்றன என்று கணக்கெடுப்பதைப் பற்றியும் சொன்னார். லீவு சேங்ஷன் இல்லாமல் கண்டம் விட்டுக் கண்டம் போகிறதே என்று டைப்பிஸ்டுக்கு ஏக்கம்.

பொதுச் சொத்து என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரர் என்று ஒருத்தர் இல்லை. அதனால்தான் மானும் இருக்கிறது, நாலு மேன்ஷன் பையன்களும் போய்ப் பார்க்க முடிகிறது. இந்த 600 கிலோ மீட்டரில் கடலை நிம்மதியாகப் பார்க்கக் கிடைக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். பிச்சாவரம், கோடியக்கரை மாதிரி காட்டிலாகா வைத்திருக்கிற இடங்கள். மீனவர் குப்பங்கள். புயல் வந்து மனுஷரை விரட்டிவிட்ட தனுஷ்கோடி. மற்ற இடமெல்லாம் விலை போய்க்கொண்டிருக்கிறது.

சோழர் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் போய்விட்டது. ஆயிரம் வருஷம் நின்றது, ஒரு காலை நேரத்தில்! டைப்பிஸ்டின் போட்டோ மட்டும் ஆல்பத்தில் இருக்கிறது. மண்டையில் வெயில் அடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் நிற்கிற கோலம் சகிக்காது. ஆனாலும் அவன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிறான்.

மூன்றாவது தடவை, 2019 பொங்கல் லீவில் போனோம். அந்த வருஷம் ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்திருந்தது. பார்சல் இட்லிக்குப் பாத்திரம் கேட்டு வழியெல்லாம் சண்டை! காரில் என் பையனும் இருந்தான், செல்போனில் மேப் வைத்துக்கொண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2018 நவம்பர் 16 அதிகாலையில், 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்திருந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. புயலில் மான்களும், அந்தக் காட்டின் மட்டக்குதிரைகளும் செத்து ஒதுங்கியதாகப் பத்திரிகையில் படித்திருந்தோம். அன்று ஒரு மணி நேரம் சுற்றியும் எங்கள் கண்ணில் பட்டது ஆறே மான்கள்தான். பையன், "அவ்ளோதானாப்பா?" என்றான். எம்பி எம்பி ஓடியதை அவனுக்கு எப்படிச் சொல்வது? நான் கையால் காட்டிய லட்சணத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டினால் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. எட்டு அடுக்கு, அறுகோணக் கோபுரம். ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததற்காக 1814-ல் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் இங்கே கட்டினார். எங்கேயோ யாரோ தோற்றதற்கு சேதுபாவாசத்திரத்துக் கடலோரத்தில் ஞாபகச் சின்னம்! மேலதிகாரியைக் குளிர்விக்க நாம் செய்வதெல்லாம் எம்மாத்திரம்?

அங்கிருந்து உள்ளே திரும்பினால் நம் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் வீடு. 1993-ல் தோப்புக்குள் நுழைந்தபோது நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது, அத்தனை தென்னை. அவன் அம்மா, "சாப்புட்டுட்டுத்தான் போவணும் தம்பிங்களா" என்று உட்கார வைத்து, மீன் குழம்பும் சோறும் போட்டுப் போட்டு எங்களை எழுந்திருக்க விடவில்லை. தம்பிக்காரன் மரமேறி ஆளுக்கு மூன்று இளநீர். கணக்கு நோட்டில் அந்த நாளுக்குச் செலவு இல்லை.

2019-ல் அதே தோப்புக்குள் நுழைந்தோம். 'நுழைந்தோம்' என்பது தப்பு. நுழைவதற்கு ஒன்றும் இல்லை. வெட்டவெளி. வேரோடு சாய்ந்த மரங்களை அறுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு வெளிச்சத்தில் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. நடுவே வரிசையாக முழங்கால் உயரத்தில் கன்றுகள். தம்பிக்கு இப்போது தலை நரைத்திருந்தது.

"காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆவும்ணே. அதுவரைக்கும் உளுந்து போட்டுப் பாக்கலாம்னு..."

எங்களுக்குக் கடையிலிருந்து கலர் வாங்கி வந்து கொடுத்தான். அந்த வீட்டில் இளநீர் இல்லாமல் போனதை யாரும் பேசவில்லை. கேஷியர் மட்டும் மெதுவாக அவனைத் தனியே கூட்டிப்போய் பேசிக்கொண்டிருந்தான். நோட்டில் என்ன எழுதினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் வேகமாகப் போய்விடலாம். பாம்பனில் யாராலும் வேகமாகப் போக முடியாது. 1988-ல் ரோடு பாலம் திறந்தார்கள். அதற்கு முன் ராமேஸ்வரத் தீவுக்கு வண்டியில் போக வழியே இல்லை, 1914-ல் கட்டிய ரயில் பாலம்தான். வண்டியை நிறுத்தாதே என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில்தான் அத்தனை வண்டியும் நிற்கும். கீழே பச்சைத் தண்ணீர், அலைக்கு ஓரடி மேலே ஊர்கிற மாதிரி ரயில். அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும்.

கடைசியாக, தனுஷ்கோடி. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் இங்கே வந்து இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னாருக்குப் போகிற காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. ஊரும் போயிற்று. மனிதர் வசிக்க லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனால் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். அரசாங்கம் சொன்னால் மீன் கேட்குமா?

1993-ல் தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டிகளை ஒரு பெட்டிக்கடையில் ஒப்படைத்துவிட்டு, மணலில் போகிற ஒரு பழைய வேனில் ஏறினோம். அது ஓடவில்லை, நீந்தியது. ஈரமணலில் ஒரு சக்கரம், கடலில் ஒரு சக்கரம். முக்கால் மணி நேரம் குலுங்கிப் போய் இறங்கினால்... கூரையில்லாத சர்ச், ஸ்டேஷன் சுவர், காற்று. எங்களைத் தவிர வேறு சுற்றுலாக்காரர்கள் இல்லை. ஒரு குடிசை வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, நாங்கள் முழிப்பதைப் பார்த்து, மணலில் தோண்டியிருந்த ஒரு குழியிலிருந்து சிரட்டையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கூப்பிடு தூரத்தில் இரண்டு பக்கமும் கடல். தண்ணீர் தித்தித்தது!

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது ஏ.சி. காரிலேயே மண்ணின் நுனி வரை போகலாம். இடப் பக்கம் அமைதியாய்ப் 'பெண் கடல்', வலப் பக்கம் குமுறிக்கொண்டு 'ஆண் கடல்' என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். (பெயர் வைத்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது டைப்பிஸ்டின் கட்சி.) நுனியில் அசோகத் தூண், ரவுண்டானா, செல்ஃபி கூட்டம், அன்னாசிப்பழம் மிளகாய்த்தூள். மாலையானால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ரோடு வந்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் அங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் அந்த மணலைத் தாண்டித்தான் தூக்கிவர வேண்டும். முக்கால் மணி நேர வேன் நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு இல்லை. இந்தப் பக்கத்து உப்பங்கழியில் வந்து இறங்கும் பூநாரைகளுக்காக 2025-ல் ஒரு சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள்.

2019-ல் பழைய சர்ச்சுக்கு எதிரே காரை நிறுத்தினோம். சங்கு, சோழி மாலை விற்கிற கடைகள் வரிசையாய். நான் ஒரு கடைக்கார அம்மாவிடம், "முன்னெல்லாம் இங்க ஊத்துத் தோண்டித் தண்ணி எடுப்பாங்களேம்மா?" என்றேன்.

"இப்பவும் அதானே குடிக்கோம்? வாங்க, காட்டுறேன்" என்று கடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்தார். குடிசைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம். உட்கார்ந்து, கையால் இரண்டு அள்ளு மணலை ஒதுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஊறியது. கலங்கல் தெளிகிறவரை காத்திருக்கச் சொன்னார்.

பையன் மினரல் வாட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தான். நான் ஒரு வாய் குடித்துவிட்டு அவன் பக்கம் நீட்டினேன். நுனி நாக்கில் தொட்டான். மறுபடி குடித்தான். திரும்பிக் கடலைப் பார்த்தான்.

"அப்பா... இதுல உப்பே இல்லப்பா!"

"அந்தப் பாட்டில குடு தம்பி" என்றார் அந்த அம்மா. "அதக் கொட்டிப்புட்டு இத ரொப்பித் தாரேன்."